படித்தது ஏன் நிற்கவில்லை? ஒரு பருவக்காற்றை வைத்து ஒரு விளக்கம்

முதலில் ஒரு சின்ன வேலை. கீழே உள்ள எண்ணைப் பத்து வினாடி பாருங்கள், அப்புறம் கையால் மறைத்துக்கொண்டு வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

58121519222629333640

இருபது இலக்கம். பெரும்பாலானவர்களுக்கு ஏழெட்டு இலக்கத்துக்கு மேல் வராது. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, எல்லோருடைய மூளையும் அப்படித்தான். இப்போது அதே எண்ணை இப்படிப் பாருங்கள்: 5, 8, 12, 15, 19, 22, 26... மூன்று கூட்டு, நான்கு கூட்டு, மறுபடி மூன்று, மறுபடி நான்கு. அவ்வளவுதான். இனி இருபது இலக்கம் என்ன, நாற்பது இலக்கம் கேட்டாலும் நீங்கள் சொல்லிவிடுவீர்கள். அடுத்த மாதம் கேட்டாலும் "ஐந்தில் தொடங்கி மூன்றும் நான்கும் மாறி மாறி" என்பது மட்டும் நினைவில் இருந்தால் போதும், மீதி தானாக வரும்.

ஜார்ஜ் கடோனா என்ற உளவியலாளர் 1940 வாக்கில் இதே போன்ற எண் வரிசையை வைத்துத்தான் சோதனை செய்து பார்த்தார். ஒரு குழு அப்படியே உருப்போட்டது, இன்னொரு குழு உள்ளே இருக்கும் விதியைத் தேடிப் பிடித்தது. உடனே கேட்டபோது இரண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சில வாரம் கழித்துக் கேட்டபோதுதான் வித்தியாசம் தெரிந்தது: உருப்போட்டவர்களிடம் அந்த எண் இல்லை, விதியைப் பிடித்தவர்களில் ஒரு பகுதியினர் அதை முழுதாகச் சொன்னார்கள். நம் பிள்ளைகள் இரவு படித்துக் காலையில் டெஸ்ட் எழுதி நல்ல மார்க் வாங்குவதும், அதே பாடத்தை அரையாண்டுத் தேர்வுக்கு முதலிலிருந்து படிப்பதும் ஏன் என்பதற்கு எனக்குக் கிடைத்த மிகத் தெளிவான படம் இதுதான்.

சரி, எண் விளையாட்டு வேறு, பாடம் வேறு. பாடத்துக்கு வருவோம்.

எங்கள் தெருவில் பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண்ணுக்கு மாலை நேரத்தில் சமூக அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். கெட்டிக்காரி, உழைப்பாளி. ஒரு நாள் விடைத்தாளை எடுத்துக்கொண்டு வந்து அழாத குறையாக உட்கார்ந்தாள். "அக்கா, நேத்து ராத்திரி எல்லாமே வந்துச்சு. காலைல எது தென்மேற்கு, எது வடகிழக்குன்னே குழம்பிடுச்சு." பார்த்தால் பருவக்காற்றுப் பாடம். தமிழ்நாட்டுக்கு அதிக மழை தருவது எது என்ற கேள்விக்குத் தென்மேற்கு என்று எழுதியிருந்தாள். அவளுடைய நோட்டை வாங்கிப் பார்த்தேன். அழகான கையெழுத்து, சிவப்பு மையில் அடிக்கோடு, ஒவ்வொரு பாயிண்டும் தனித்தனி வரி: தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை, வடகிழக்குப் பருவக்காற்று அக்டோபர் முதல் டிசம்பர் வரை, தமிழ்நாடு மழை மறைவுப் பிரதேசம், மேட்டூர் அணை திறப்பு ஜூன் 12, குறுவை, சம்பா, தாளடி. எதிலும் தவறில்லை. ஆனால் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் எந்தச் சொந்தமும் இல்லை. அவளைப் பொறுத்தவரை அது அந்த இருபது இலக்க எண் மாதிரிதான். தென்மேற்கு, வடகிழக்கு என்ற இரண்டு சொல்லும் இடம் மாறிவிட்டால், மாறியது தெரிவதற்குக்கூட அவளிடம் ஒரு வழி இல்லை.

நோட்டை மூடி வைத்துவிட்டுச் சமையலறைக்குக் கூட்டிப் போனேன். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்து திருப்பிக் காட்டினேன், உள்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். சூடான ஆவி மேலே போய்க் கொஞ்சம் குளிர்ந்த தகட்டில் பட்டதும் தண்ணீராகிவிட்டது. இதை மட்டும் பிடித்துக்கொள், ஈரக்காற்று மேலே ஏறினால் குளிரும், குளிர்ந்தால் தண்ணீர் விடும், என்றேன். அப்புறம் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தென்னிந்தியாவை வரைந்தோம். இடது பக்கம் அரபிக் கடல், வலது பக்கம் வங்காள விரிகுடா, இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு சுவர் போல மேற்குத் தொடர்ச்சி மலை.

ஜூனில் நிலம் நன்றாகச் சூடாகியிருக்கிறது, கடல் அந்த அளவுக்குச் சூடாகவில்லை. நிலத்தின் மேல் காற்று லேசாகி அழுத்தம் குறைகிறது, கடலிலிருந்து காற்று உள்ளே வருகிறது. தென்மேற்கிலிருந்து, அரபிக் கடலின் ஈரத்தை வாரிக்கொண்டு. வந்து மலையில் முட்டுகிறது. வேறு வழியில்லை, ஏறித்தான் ஆகவேண்டும். ஏறினால்? "குளிரும் அக்கா." குளிர்ந்தால்? "மழை." எந்தப் பக்கம்? பென்சிலை வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் யோசித்துவிட்டுக் கேரளத்தின் மேல் கோடு கோடாக மழை போட்டாள். மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும் காற்றில் ஈரம் குறைந்துவிட்டது, இறங்க இறங்கச் சூடாகவும் செய்கிறது, அதனால் தமிழ்நாட்டுச் சமவெளிக்கு வறண்ட காற்றுதான் மிச்சம். (ஜூலை மாலைகளில் சென்னையில் இடியோடு மழை பெய்வது உண்டுதான், அது அன்றைய வெயிலில் கிளம்பும் மேகம்.) மழை மறைவு என்ற சொல் அவள் நோட்டில் பத்து தடவையாவது இருந்திருக்கும், மலைக்குப் பின்னால் மறைந்து நிற்கும் ஊர்கள் என்று அதற்கு அர்த்தம் இருப்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

அக்டோபரில் கதை திரும்புகிறது. நிலம் குளிர்ந்துவிட்டது, காற்று இப்போது வடகிழக்கிலிருந்து கடலை நோக்கிப் போகிறது. வட இந்தியாவுக்கு இது நிலத்தின் மேலேயே வருகிற வறண்ட காற்று. நமக்கோ வங்காள விரிகுடாவைக் கடந்து, ஈரத்தை ஏற்றிக்கொண்டு, நேராகக் கிழக்குக் கடற்கரைக்கு வருகிறது, கூடவே அந்த விரிகுடாவில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வுகளும் புயல்களும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பங்கு இந்த மூன்று மாதத்தில்தான் கிடைக்கிறது. நம் கடற்கரை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று யோசித்தாலே விடை வந்துவிடும். இனி அவளால் இரண்டையும் மாற்றி எழுத முடியாது. மாற்றி எழுதினால் படம் ஒத்துவராது, கை தானாக நிற்கும்.

இங்கேதான் முக்கியமான விஷயம் நடக்கிறது. அந்தப் படம் கைக்கு வந்தபிறகு, அவள் ஏற்கெனவே துண்டு துண்டாகத் தெரிந்து வைத்திருந்தவை ஒவ்வொன்றாக வந்து அதில் ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தன. குற்றாலம் சீசன் ஏன் கோடை விடுமுறையில் இல்லாமல் பள்ளி திறந்த பிறகு வருகிறது? தென்மேற்குக் காற்றுக்கு அங்கே செங்கோட்டைக் கணவாய் வழியாகக் கொஞ்சம் வழி கிடைக்கிறது, சாரல் இந்தப் பக்கமும் விழுகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று பாட்டி சொல்வது எந்தக் காற்றை? இதே காற்றைத்தான். ஆரல்வாய்மொழிப் பக்கம் அத்தனை காற்றாலை ஏன்? அதுவும் மலைக்கு நடுவே உள்ள கணவாய்தான், காற்று அந்தச் சந்து வழியே வேகமெடுத்து வருகிறது.

காவிரி இன்னும் அழகு. தஞ்சாவூரில் ஜூன் மாதம் வானம் வெளுத்துக் கிடக்கிறது, மழை இல்லை, ஆனால் குறுவைக்கு நாற்று விடுகிறார்கள். தண்ணீர் எங்கிருந்து? குடகு மலையிலிருந்து. அங்கே தென்மேற்குப் பருவமழை கொட்டுகிறது, தலைக்காவேரியில் பிறந்த ஆறு அந்தத் தண்ணீரைக் கிழக்கே கொண்டுவருகிறது, மேட்டூரில் தேங்குகிறது. அதனால்தான் அணையைத் திறப்பதற்கு வழக்கமான நாளாக ஜூன் 12 வைத்திருக்கிறார்கள். ஆகஸ்ட் 2, 3 வாக்கில் வரும் ஆடிப்பெருக்கன்று உள்ளூரில் சொட்டு மழை இல்லாமலே ஆறு நிறைந்து ஓடுவதும் அதனால்தான். குறுவை ஆற்றுத் தண்ணீரை நம்பிய குறுகிய காலப் பயிர். சம்பா நீண்ட காலப் பயிர், ஆகஸ்டில் தொடங்கி ஐப்பசி கார்த்திகை அடைமழையைக் குடித்து வளர்ந்து தை பிறக்கும்போது அறுவடைக்கு வருகிறது. "அப்ப பொங்கல் வர்றதும் இதனாலதானா?" என்று அவள் கேட்டபோது எனக்கே ஒரு மாதிரி சிலிர்த்தது. குறுவை அறுத்த அதே வயலில் அடுத்துப் போடுவது தாளடி. தாள் என்றால் அறுத்தபின் நிற்கும் பயிரின் அடிக்கட்டை, அந்தத் தாளை மடக்கி உழுது நடுவதால் அந்தப் பெயர். இப்படிச் சொல்லும்போதே அது மனதில் போய் உட்கார்ந்துவிடுகிறது, இல்லையா?

எண்ணிப் பாருங்கள், பாடத்தில் எதையும் குறைக்கவில்லை, கூட்டித்தான் இருக்கிறோம். அவள் நோட்டில் இல்லாத குற்றாலம், ஆடிக் காற்று, குடகு, பொங்கல் எல்லாம் உள்ளே வந்திருக்கிறது. சுமை கூடியிருக்க வேண்டும், ஆனால் குறைந்துவிட்டது. இது ஏன் என்பதுதான் கேள்வி.

ஒரு காரணம் இடம். ஒரே நேரத்தில் மனதில் ஏந்தி வைத்துக்கொள்ளும் இடம் நமக்கு மிகச் சின்னது. அதை 1956இல் ஜார்ஜ் மில்லர் ஏழு, இரண்டு கூடலாம் குறையலாம் என்று சொன்னார், பின்னால் வந்தவர்கள் அதுகூட இல்லை என்று இன்னும் குறைத்தார்கள். ஆனால் மில்லர் சொன்னதில் முக்கியமான பகுதி அந்த எண் இல்லை. ஏழு என்பது ஏழு பொட்டலம், ஒவ்வொரு பொட்டலத்துக்குள்ளும் எவ்வளவு இருக்கலாம் என்பது நமக்கு என்ன தெரியும் என்பதைப் பொறுத்தது. எழுத்தாகப் பார்த்தால் "கன்னியாகுமரி" என்பதில் ஏழு எழுத்து, உங்களுக்கும் எனக்கும் அது ஒரே ஊர். அந்தப் பெண்ணுக்கு முன்பு பன்னிரண்டு பொட்டலமாக இருந்தது, இப்போது "காற்று வருது, மலையில முட்டுது" என்ற ஒரே பொட்டலம்.

சதுரங்கத்தில் இதை நேரடியாகவே பார்த்திருக்கிறார்கள். வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் இருவரும் 1973இல் வெளியிட்ட ஆய்வில், நிஜமாக ஆடிக்கொண்டிருந்த ஒரு ஆட்டத்தின் பலகையை ஐந்து வினாடி மட்டும் காட்டிவிட்டு அதே மாதிரி அடுக்கச் சொன்னார்கள். மாஸ்டர் நிலை ஆட்டக்காரர் பதினாறு காய் வரை சரியாக வைத்தார், புதிதாகக் கற்பவர் நான்கு. மாஸ்டருக்கு நினைவாற்றல் பயங்கரம் என்று நினைக்கத் தோன்றும். அடுத்து, காய்களைக் கண்டபடி கலைத்து வைத்துக் காட்டினார்கள். இப்போது மாஸ்டருக்கும் புதியவருக்கும் வித்தியாசமே ஏறக்குறையக் காணாமல் போயிற்று. ஆக அவருக்குக் கூடுதலாக இருந்தது தனி ஞாபகசக்தி இல்லை. கோட்டைக் கட்டிய ராஜா, அவருக்கு முன்னால் மூன்று சிப்பாய், பக்கத்தில் காவலுக்கு ஒரு குதிரை என்று அவர் கண்ணுக்குச் சேர்த்தே தெரிகிறது. அர்த்தம் போனதும் அந்தப் பலமும் போய்விட்டது.

இன்னொரு காரணம் வழி. ஒரு தகவலுக்கு ஒரே ஒரு வழிதான் என்றால், அந்த வழி அடைபட்டால் தகவலும் போச்சு. "மூன்றாம் பக்கம், மேலிருந்து இரண்டாவது பாயிண்ட், சிவப்பு அடிக்கோடு" என்று நினைவில் தேடும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். அதுவே வடகிழக்குப் பருவக்காற்றுக்கு வங்காள விரிகுடா வழியாகவும் போகலாம், புயல் வழியாகவும் போகலாம், சம்பா வழியாகவும் போகலாம், தீபாவளிக்கு மழை பெய்து பட்டாசு நனைந்து போன ஞாபகம் வழியாகக்கூடப் போகலாம். ஊருக்கு நாலு பக்கமும் சாலை இருப்பது மாதிரி.

மூன்றாவதுதான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிதாகப் படுகிறது. புரிந்த விஷயத்திலும் மறதி உண்டு, அதை மறைக்க வேண்டாம். ஆனால் மறந்ததைத் திரும்பக் கட்டிக்கொள்ள முடியும். தேர்வு அறையில் மாதங்கள் மறந்துவிட்டதா, சரி, நிலம் எப்போது அதிகம் சூடாகும், எப்போது குளிரும் என்று யோசித்து அருகில் வந்துவிடலாம். உருப்போட்டது மறந்தால் அங்கே வெறும் ஓட்டைதான்.

இதெல்லாம் பழைய ஆய்வுகளிலேயே தெரிந்த சங்கதி. மறதியைப் பற்றி முதலில் அளந்து எழுதியவர் ஜெர்மானியரான ஹெர்மான் எபிங்ஹவுஸ், 1885இல். தன்னையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டு, வேண்டுமென்றே அர்த்தமில்லாத அசைகளாக உருவாக்கி வரிசை வரிசையாக மனப்பாடம் செய்தார். படித்த ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பெரும்பகுதி கழன்றுவிடுகிறது என்ற புகழ்பெற்ற மறதிக் கோடு அந்த அசைகளை வைத்து வரைந்தது. அதே மனிதர் பைரனின் கவிதை வரிகளையும் மனப்பாடம் செய்து பார்த்தார். அதே நீளத்துக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு உழைப்புதான் ஆயிற்று. மறதிக் கோட்டை எல்லோரும் காட்டுகிறார்கள், இந்த இரண்டாவது செய்தியை ஏனோ பலர் விட்டுவிடுகிறார்கள். 1975இல் கிரெய்க், டல்விங் என்ற இருவர், சோதனைக்கு வந்தவர்களுக்குச் சொற்களை ஒவ்வொன்றாகக் காட்டி, சிலவற்றுக்கு எழுத்தின் வடிவத்தைப் பற்றியும், சிலவற்றுக்கு எதுகை போன்ற ஓசையைப் பற்றியும், சிலவற்றுக்கு இந்த வாக்கியத்தில் இந்தச் சொல் பொருந்துமா என்றும் கேட்டார்கள். பின்னால் சொல்லாமல் கொள்ளாமல் நினைவைச் சோதித்தபோது, பொருளை யோசிக்க வைத்த சொற்களே அதிகம் நின்றன. நினைவில் வைக்கவேண்டும் என்ற எண்ணம்கூட அவர்களுக்கு இல்லை என்பதைக் கவனியுங்கள். பொருளோடு கொஞ்ச நேரம் மல்லுக்கட்டியதே போதுமானதாக இருந்திருக்கிறது.

அப்படியானால் மனப்பாடமே வேண்டாமா? வேண்டும். வாய்ப்பாடு மனப்பாடமாக இல்லாத பிள்ளை பின்னக் கணக்கில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன், புரிந்துகொள்ள வேண்டிய இடத்தில் ஏழெட்டு ஐம்பத்தாறைத் தேடிக்கொண்டிருக்கும். எழுத்து, வாய்ப்பாடு, தனிமங்களின் குறியீடு, புது மொழியின் சொற்கள் எல்லாம் உருப்போட்டுத்தான் ஆகவேண்டும். குறளை ஓசைக்காகவே மனப்பாடம் செய்வதிலும் ஒரு குறையும் இல்லை, பொருள் பத்து வருடம் கழித்து வந்து சேரும். ஆனால் காரணம் இருக்கிற விஷயத்தைக் காரணம் இல்லாதது போல உருப்போடுவதுதான் வீண் உழைப்பு, அதைப் பிள்ளைகள்மேல் ஏற்றும்போது எனக்கு மனது கேட்பதில்லை.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. ஒருவர் சொல்லும்போது "ஆமா, புரியுது" என்று தலையாட்டுவது புரிதல் ஆகிவிடாது. படித்ததையே திரும்பத் திரும்பப் படிக்கும்போது வரி பழக்கமாகிவிடுகிறது, அந்தப் பழக்கத்தை நாம் தெரிந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறோம். ரோடிகர், கார்பிக் இருவரும் 2006இல் மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பத்தியை மறுபடி படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள், ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். அதனால் அந்தப் பெண்ணுக்கு ஒரு வழக்கம் வைத்தேன். பாடம் முடிந்ததும் நோட்டை என்னிடம் கொடுத்துவிட வேண்டும், வெற்றுத் தாளில் படத்தை அவளே வரைந்து, அம்புக்குறி போட்டு, ஒவ்வொரு அம்புக்கும் "ஏன்" என்று எனக்குச் சொல்லவேண்டும். எங்கே வாய் தடுக்குகிறதோ அங்கே புரியவில்லை என்று அர்த்தம், அந்த இடத்தை மட்டும் மறுபடி படிக்கலாம். இரண்டு நாள் விட்டு மறுபடி ஒரு தாள், ஒரு வாரம் விட்டு மறுபடி ஒரு தாள். பெரிய நேரம் எடுக்காது, பத்து நிமிடம்.

இதோடு, தெரியாத ஒன்றை ஊகிக்கச் சொல்வது ரொம்ப உதவுகிறது. கோயம்புத்தூரில் ஜூனில் மழை எப்படி இருக்கும் என்று கேட்டேன். பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்துகிடக்கிறது, ஈரக்காற்று உள்ளே வந்துவிடும், அதனால் கேரளா மாதிரியே கொட்டும் என்றாள். நியாயமான ஊகம், ஆனால் தவறு. கோயம்புத்தூர் மழை குறைந்த ஊர்தான், ஜூன் ஜூலையில் குளிர்ந்த காற்றும் எப்போதாவது தூறலும் உண்டு, அவ்வளவே. ஏன் என்று அவளையே யோசிக்க விட்டேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், குழம்பு மூடி வரை போய்விட்டு வந்தாள். "அங்க மலையே இல்லையே அக்கா, காத்து ஏறவே இல்லையே." அதேதான். ஏறாத காற்று குளிர்வதில்லை, குளிராத காற்று மழை விடுவதில்லை. சரியாகச் சொல்லியிருந்தால் இந்த அளவுக்குப் பதிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

போன வாரம் அவளாகவே இலங்கைப் படத்தைப் பக்கத்தில் வரைந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாடத்தில் அது கிடையாது. நடுவில் மலை, தென்மேற்கில் கொழும்பு, வடக்கில் யாழ்ப்பாணம், கிழக்கில் மட்டக்களப்பு. கொழும்பின் மேல் மே, ஜூன் என்றும், யாழ்ப்பாணம் மட்டக்களப்பின் மேல் நவம்பர், டிசம்பர் என்றும் எழுதியிருந்தாள். யாரிடமும் கேட்கவில்லை. இரண்டும் சரி. கொழும்புக்கு அக்டோபரிலும் நல்ல மழை உண்டே, அது எங்கிருந்து என்று கேட்டேன். பென்சிலை வாயில் வைத்துக்கொண்டு இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.